குடத்துக்குள்ளே யார் பேர்?

(பட்டிமன்றத் தலைப்பு: தேசிய விழாவுக்கு டிக்கெட் கொடுக்க நியாயமான வழி வரிசையா, குலுக்கலா? ‘குலுக்கலே’ என்ற அணியில் இரண்டாவதாகப் பேசிய வரலாற்று ஆசிரியையின் உரை.)

 

எதிரணித் தம்பி நல்லாத்தான் பேசினார். ‘வரிசையில நிக்கிறவன் வியர்வை சிந்துறான். குலுக்கல்ல ஜெயிக்கிறவன் என்னய்யா சிந்தினான்?’ என்று ஒரு கேள்வி கேட்டார். நீங்க கைதட்டினீங்க. மறந்துபோய் நானும் தட்டிட்டேன். எங்க அணித்தலைவர் என்னைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். (சிரிப்பு)

தம்பிக்குப் பதில் சொல்றதுக்கு முன்னாடி எல்லாரும் எங்க ஊர் சினிமாக் கொட்டகைக்கு ஒரு நிமிஷம் வாங்க. நான் மன்னார்குடிப் பக்கம். தீபாவளிக்குப் புதுப்படம் வந்தா டிக்கெட் கவுண்ட்டர் ஒரு போர்க்களம். ஒரு ஆள் மட்டும் நுழையுற மாதிரி ஒரு சந்து, மேலே கம்பி வலை. அந்தச் சந்துக்குள்ள முன்னாடி நிக்கிறவன் தோள்மேல கால் வச்சு, தலைக்கு மேல நீந்திப் போவான் இன்னொருத்தன். பெண்களுக்குத் தனி வரிசை, அது சின்னது. எங்க சித்தப்பா பலசாலி. ஆனா அந்தச் சந்துப் பக்கமே போகமாட்டார். எட்டு வயசுப் பொண்ணு என்கிட்ட காசைக் கொடுத்து, பெண்கள் வரிசையில நிறுத்திட்டு, எதிர்க்கடையில சர்பத் குடிச்சுட்டு நிப்பார். ரெண்டு மணி நேரம் கழிச்சு நான் கசங்கிப்போய் நாலு டிக்கெட்டோட வருவேன். அது சித்தப்பாவுக்கும் அவர் சினேகிதர்களுக்கும்! ‘படம் பெரியவங்க படம்மா, உனக்குப் புரியாது’ன்னு சொல்லிட்டு உள்ளே போயிடுவார். வியர்வை என்னுது, சீட்டு சித்தப்பாவுது. (சிரிப்பு, கைதட்டல்)

சிரிச்சாச்சா? இதை ஒரு ஓரமா மடிச்சு வச்சுக்கங்க. பின்னால திரும்பவும் வருவேன்.

சினிமான்னா போகட்டும். இன்னிக்கு இல்லைன்னா நாளைக்குப் பார்க்கலாம். ஒரு நாட்டோட பிறந்தநாள் விழா அப்படியில்லை. வருஷத்துல ஒரே ஒரு நாள். நாடு எல்லாருக்கும் சொந்தம், மைதானத்துல நாற்காலி மட்டும் இத்தனைதான்னு ஒரு கணக்கு. சினிமா டிக்கெட் கிடைக்கலைன்னா ஒரு படம் போச்சு, அவ்வளவுதான். தேசிய விழா டிக்கெட் வருஷா வருஷம் கிடைக்கலைன்னா மனசு என்ன நினைக்கும்? ‘இது என் வீட்டுக் கல்யாணம், எனக்கே பத்திரிகை வைக்கலை’ன்னு நினைக்கும். அதனாலதான் இது ஒரு பட்டிமன்றத் தலைப்பு. இல்லைன்னா நடுவர் ஐயா இவ்வளவு தூரம் ரயில் ஏறி வந்திருக்கமாட்டார்.

நான் எடுத்துக்கொள்கிற உதாரணம் சிங்கப்பூர். தமிழும் ஆட்சிமொழியாக இருக்கிற நாடு. எங்க பக்கத்துல வீட்டுக்கு ஒருத்தர் போய் வந்த நாடு. 1965 ஆகஸ்ட் 9-ல் அது தனி நாடானது. அடுத்த வருஷமே, 1966-ல், நகர மண்டபத்துக்கு எதிரே இருக்கிற பாடாங் மைதானத்தில் முதல் தேசிய தின அணிவகுப்பு. 1968-ல் கொட்டுகொட்டென்று மழை. அணிவகுப்பில் நின்றவர்கள் அசையவில்லை, நனைந்துகொண்டே நடத்தி முடித்தார்கள். அந்தத் தலைமுறை ஆட்கள் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்படுவார்கள். பாடாங் திறந்தவெளி. கயிற்றுக்கு வெளியிலே நின்றாலும் எட்டிப் பார்க்கலாம். 1976-ல் அணிவகுப்பு முதல் தடவையாகக் காலாங்கில் இருந்த தேசிய விளையாட்டரங்கத்துக்குப் போனது. அங்கே அரை லட்சத்துக்கு மேல் ஆட்கள் உட்காரலாம், ஆனால் சுவர் உண்டு. வாசல் உண்டு. சுவரும் வாசலும் வந்தால் டிக்கெட் வரும், இல்லையா? 1990-ல் நாட்டின் ஜனத்தொகை சுமார் 30 லட்சம். ஆசைப்பட்டவர்கள் அதிகம், இடம் கொஞ்சம்.

டிக்கெட்டுக்குக் காசு கிடையாது. இலவசம்! ஆனா ஒண்ணு சொல்றேன், இலவசம்னா விலையே இல்லைன்னு நினைக்காதீங்க. காசா வாங்க வேண்டியதை நேரமா வாங்குறாங்க. காசு உள்ளவன், இல்லாதவன்னு ரெண்டு சாதி இருக்கிற மாதிரியே நேரம் உள்ளவன், இல்லாதவன்னும் ரெண்டு சாதி இருக்குய்யா.

என் தம்பி, கூடப்பிறந்தவன், 1998-ல் கட்டட வேலைக்கு அங்கே போனான். ஞாயித்துக்கிழமை தேக்காவுக்கு வந்து, போன் கார்டு போட்டு வீட்டுக்குப் பேசுவான். 2001-லன்னு நினைக்கிறேன், ஒரு நாள் பேசுறப்போ, ‘அக்கா, இங்கே தேசிய தின டிக்கெட்டுக்கு முதல் நாள் ராத்திரியே பாய் போட்டுப் படுத்துடுறாங்க. சின்னப் பிள்ளைங்க, கிழவிங்கல்லாம்கூட. பிளாஸ்க்குல காப்பி, சீட்டுக்கட்டு, மடக்கு நாற்காலி... திருவிழா மாதிரி இருக்கு’ன்னான். ‘நீ அங்கே என்னடா பண்ணின?’ன்னு கேட்டேன். கொஞ்சம் தயங்கிட்டுச் சொன்னான். அவன் வேலை பார்த்த இடத்துல ஒரு மேஸ்திரி. உள்ளூர்க்காரர். ‘நீ ராத்திரி போய் எனக்கு இடம் பிடிச்சு நில்லு, விடியக்காலம் நான் வந்துடறேன்’னு சொல்லி அனுப்பியிருக்கார். இவனும் போய் நின்னிருக்கான். விடியக்காலம் ஆறு மணிக்கு மேஸ்திரி குளிச்சு, சட்டை மாத்தி, கையில பேப்பரோட வந்து இவன் நின்ன இடத்துல நின்னார். இவனுக்கு 20 வெள்ளி கொடுத்தார். நியாயமான மனுஷர்தான், பசியாறவும் வாங்கிக் கொடுத்தார். இவன் அப்படியே லாரி ஏறி வேலைக்குப் போயிட்டான்.

‘ஒன்பது மணி நேரம் நின்னது நான்க்கா. ஆனா எனக்கு டிக்கெட் கிடையாது. அதுக்கு வேற கார்டு வேணும்’னு சிரிச்சுக்கிட்டேதான் சொன்னான். எனக்குத்தான் சித்தப்பா ஞாபகம் வந்துடுச்சு.

எதிரணித் தம்பி! நீங்க சொன்ன வியர்வை இருக்கே, அது விலைக்குக் கிடைக்கும். 20 வெள்ளிக்குக் கிடைக்கும். (கைதட்டல்) வியர்வையை வாங்க முடியாதவங்க யாருன்னு பாருங்க. ராத்திரி ஷிப்ட் பார்க்கிற நர்ஸ். விடியக்காலம் முதல் பஸ்ஸை எடுக்கிற டிரைவர். கைக்குழந்தைக்காரி. முழங்கால் வலிக்காரப் பெரியவர். இவங்களுக்கு ஆசை குறைவா? ஆசை இருக்கிற அளவுக்கு ராத்திரி இல்லை, அவ்வளவுதான்.

வரிசைக்கு இன்னொரு குணம் உண்டு. ‘எல்லாருக்கும் கிடைக்கும்’ என்று ஜனங்கள் நம்புகிற வரைக்கும்தான் அது வரிசை. ‘கிடைக்காது’ என்று ஒருத்தன் சொல்லிவிட்டால் அது கூட்டம். 1896-ல் மாஸ்கோவில் நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் வயிறு கலங்குகிறது. ரஷ்யச் சக்கரவர்த்தி இரண்டாம் நிக்கோலஸ் முடிசூடினார். ஜனங்களுக்கு விருந்தும் பரிசும் ஊருக்கு வெளியே கோடின்கா என்ற மைதானத்தில். அது பட்டாளம் பயிற்சி செய்கிற திடல். பள்ளமும் அகழியும் நிறைய. பரிசு என்ன? ஒரு ரொட்டி, கொஞ்சம் இறைச்சி, தின்பண்டம், அரசர் முத்திரை போட்ட ஒரு எனாமல் குவளை. முந்தி வருகிறவர்களுக்கு முந்திக் கொடுப்பதாக ஏற்பாடு. முதல் நாள் சாயங்காலமே ஜனங்கள் வந்து குவிந்துவிட்டார்கள். ஐந்து லட்சம் பேர் இருக்கும் என்கிறார்கள். விடியற்காலம் ஒரு வதந்தி: பரிசு எல்லாருக்கும் பத்தாது, கடைக்காரர்கள் தங்கள் ஆட்களுக்கு எடுத்துக் கொடுக்கிறார்கள், குவளைக்குள் தங்கக்காசு இருக்கிறது... அவ்வளவுதான். முன்னால் இருந்தவர்கள் பள்ளத்தில் விழ, பின்னால் இருந்தவர்கள் அவர்கள்மேல் விழ, அரசாங்கக் கணக்கிலேயே 1,389 பேர் இறந்துபோனார்கள். ஒரு குவளைக்காக! அன்று ராத்திரி பிரெஞ்சுத் தூதர் வீட்டில் நடந்த நடன விருந்துக்கு அரசர் போனார். அந்த விருந்தை ஜனங்கள் கடைசிவரை மறக்கவில்லை.

தம்பி உடனே எழுந்து, ‘அது வரிசையோட தப்பு இல்லை, ஏற்பாட்டோட தப்பு’ என்பார். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முந்தினவனுக்குத்தான் என்று அறிவித்த நிமிஷமே, ஒவ்வொரு மனுஷனுக்கும் பக்கத்தில் நிற்கிறவனைப் போட்டியாளனாக ஆக்கிவிட்டோமே! நாட்டின் பிறந்தநாளை அதற்காகவா கொண்டாடுகிறோம்?

சரி, விலை வைத்து விற்றால்? பணக்காரன் வாங்கிவிடுவான். இது கிரேக்கர்களுக்கே தெரிந்திருந்தது. ஏதென்ஸ் நகரத்தில் டயோனிசஸ் தெய்வத்தின் பெருவிழாவில் நாடகம் பார்க்கக் கட்டணம் இருந்தது. ஏழைக் குடிமகன் வெளியில் நின்றுவிடக் கூடாது என்று அரசாங்கமே கட்டணத்துக்கான காசை, இரண்டு ஓபல், குடிமக்கள் கையில் கொடுத்தது. அதற்கென்றே தனி நிதி. நம்ம டெல்லியில் குடியரசு தின அணிவகுப்புக்கு 2025-ல் டிக்கெட் 20 ரூபாய், 100 ரூபாய். இந்த விலைக்கு யாரும் வாங்கலாம், அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் விலை குறைந்தால் மறுபடியும் ‘யார் முந்தி?’ என்ற கேள்விதான் வரும். கவுண்ட்டரில் நின்ற வரிசை, இப்போது 2023-லிருந்து இணையத்திலும் நிற்கிறது. விரல் வேகமாக இருக்கிறவனுக்கு டிக்கெட்!

சிபாரிசு என்று இன்னொரு வழி. நம்ம ஊருக்கு அதை விளக்க வேண்டாம், ‘பாஸ்’ என்ற ஒரு சொல் போதும். அமெரிக்காவில் ஒபாமா 2009 ஜனவரி 20-ல் பதவி ஏற்றபோது சுமார் 2,40,000 டிக்கெட். இலவசம்தான். ஆனால் நாடாளுமன்ற உறுப்பினர்களின் அலுவலகம் வழியாக வாங்க வேண்டும். பகுதிக்கு ஒரு நிறம். அதில் ஊதா நிற டிக்கெட்காரர்களை ஒரு சுரங்கப்பாதைக்குள் வரிசையாக நிறுத்தினார்கள். குளிரில், மணிக்கணக்காக. வாசல் திறக்கவே இல்லை. கையில் டிக்கெட்டை வைத்துக்கொண்டு ஆயிரக்கணக்கான பேர் பதவியேற்பைப் பார்க்க முடியாமல் திரும்பினார்கள். கடுதாசி கொடுத்தால் மட்டும் பங்கீடு முடிந்துவிடாது என்பதற்காகச் சொன்னேன். மேலே போகிறேன்.

இப்போது என் அணிக்கு வருகிறேன். சிங்கப்பூரில் அந்த ராத்திரி வரிசையை 2003-ல் நிறுத்தினார்கள். அடையாள அட்டை எண்ணைக் கொடுத்துப் பெயரைப் பதிந்துகொள்ள வேண்டியது. ஆளுக்கு ஒரு விண்ணப்பம்தான். இரண்டு டிக்கெட்டா, நாலா, ஆறா என்று கேட்டுக்கொள்ளலாம். கம்ப்யூட்டர் குலுக்கிப் போடும். மந்திரி வீட்டு டிரைவரும் டாக்ஸி டிரைவரும் ஒரே பானைக்குள் ஒரே அளவு ஓலை. ராத்திரி ஷிப்ட் நர்ஸ் தூங்கிக்கொண்டிருக்கும்போதுகூட அவள் பெயர் உள்ளே இருக்கிறது! (கைதட்டல்)

இங்கிலாந்தில் 2023-ல் மன்னர் சார்லஸ் முடிசூடின பிறகு வின்ட்ஸர் கோட்டையில் இசை விழா நடந்தது. பொதுமக்களுக்கு 5,000 ஜோடி டிக்கெட், குலுக்கல். அதில் ஒரு நுணுக்கம் வைத்தார்கள். முந்திப் பதிந்தவருக்கு முன்னுரிமை கிடையாது. நாட்டின் எந்தப் பகுதியில் எவ்வளவு ஜனம் என்று பார்த்து, அந்தக் கணக்குப்படி பகிர்ந்தார்கள். லண்டன்காரனே எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய்விடக் கூடாது, பாருங்கள்.

இதெல்லாம் இப்போது வந்த புதுமை என்று நினைக்கிறோம். காஞ்சிபுரம் பக்கம் உத்திரமேரூர் போயிருக்கிறீர்களா? பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒரு தடவை போங்கள். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டின இரண்டு கல்வெட்டுகள் இருக்கின்றன. ஊர் வாரியத்துக்கு ஆள் எடுக்கிற குடவோலை முறையை வரி வரியாகச் சொல்கின்றன. ஊரை 30 குடும்பாகப் பிரித்தார்கள். லண்டன்காரர்கள் 2023-ல் செய்த கணக்கு! ஒவ்வொரு குடும்பிலும் தகுதி உள்ளவர்களின் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட வேண்டும். சபை முழுவதும் கூடியிருக்க வேண்டும். ஒன்றும் அறியாத ஒரு சிறுவனை விட்டு ஓலை எடுக்கச் சொல்ல வேண்டும். அதை வாங்குகிறவர் ஐந்து விரலையும் விரித்து, உள்ளங்கையில் வாங்க வேண்டும். எதற்கு? விரலை மடக்கினால் இடுக்கில் வேறொரு ஓலையை ஒளித்து வைத்திருப்பாரோ என்று சந்தேகம் வரக் கூடாது! ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முந்தி நம்ம ஆள் எவ்வளவு விவரமாக இருந்திருக்கிறான் பாருங்கள். அதோடு, எவ்வளவு திருட்டைப் பார்த்திருந்தால் இவ்வளவு விதி போட்டிருப்பான்! (சிரிப்பு)

எனக்கு ரொம்பப் பிடித்த விதி வேறொன்று. கடந்த மூன்று வருஷத்துக்குள் வாரியத்தில் இருந்தவர் பெயரைக் குடத்தில் போடக் கூடாது. எங்க அணிக்கு இருக்கிற பெரிய பலவீனத்துக்கு மருந்து இதுதான். அணித்தலைவர் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, சொல்லிவிடுகிறேன். வெறும் குலுக்கலுக்கு ஞாபகசக்தி கிடையாது. போன வருஷம் விழுந்தவனுக்கு இந்த வருஷமும் விழும். பத்து வருஷமாகப் போட்டுப் போட்டுப் பார்த்த கிழவிக்கு இந்த வருஷமும் விழாது. ஆறு பேர் உள்ள வீட்டிலிருந்து ஆறு பெயர் போகும், தனியாக இருக்கிற பெரியவரிடமிருந்து ஒன்றுதான் போகும். டிக்கெட் விழுந்தவர் மூன்று வருஷம் ஒதுங்கி நிற்கட்டும், அந்த இடத்தில் விழாதவர் பெயர் போகட்டும் என்று ஒரு விதி வைத்தால் என்ன? கம்ப்யூட்டருக்கு அது ஒரு வேலையா? பராந்தகன் காலத்து ஊர்ச்சபை பனை ஓலையை வைத்துக்கொண்டே செய்ததே!

உத்திரமேரூரைப் பாராட்டிவிட்டு நான் உட்கார்ந்துவிட்டால் பாதி உண்மைதான் சொன்னவளாவேன். அந்தக் குடத்துக்குள் யார் பெயர் போனது? வரி கட்டுகிற நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வயது முப்பத்தைந்துக்கு மேல், எழுபதுக்குள். வேதம் படித்திருக்க வேண்டும். அது பிராமணர் சபை. அந்த நிலத்தை உழுதவன் பெயர் குடத்தில் இல்லை. எந்தப் பெண்ணின் பெயரும் இல்லை. சிறுவன் சூதறியாதவன்தான், வாங்கினவர் ஐந்து விரலையும் விரித்துத்தான் வாங்கினார். அதில் ஒரு குற்றமும் இல்லை. ஆனால் வெளியே எடுக்கிறபோது இவ்வளவு காவல் வைத்தவர்கள், உள்ளே போடுகிறபோதே முக்கால்வாசி ஊரை நிறுத்திவிட்டார்கள்.

அதனால, நடுவர் ஐயா, நீங்க தீர்ப்பு எழுதுறப்போ ‘வரிசையா குலுக்கலா’ன்னு மட்டும் பார்க்காதீங்க. குடத்துக்குள்ள யார் பேர் இருக்குன்னு எட்டிப் பாருங்க. சிங்கப்பூர்க் குலுக்கல்ல குடிமக்கள் பேரும் நிரந்தரவாசிகள் பேரும் போகும். ஒர்க் பெர்மிட்காரன் பேர் போகாது. ‘அவன் அந்த நாட்டுக் குடிமகன் இல்லையே, அவனுக்கு எதுக்கு?’ன்னு கேட்கலாம். சட்டப்படி சரியான கேள்விதான். ஆனா அந்த நாட்டுல அடுக்குமாடியும் பாலமும் எழும்பினது அவன் கையால இல்லையா? நம்ம டெல்லியில இதுல ஒரு நல்ல காரியம் நடந்தது. 2023 குடியரசு தினத்துல, சென்ட்ரல் விஸ்டா கட்டட வேலை பார்த்த தொழிலாளிகளை, குடும்பத்தோட கூப்பிட்டு, மேடைக்கு எதிரே உட்கார வச்சாங்க. அந்த இடம் வரிசையில நின்னாலும் கிடைக்காது, குலுக்கல்லயும் விழாது. கூப்பிட்டுக் கொடுத்தாத்தான் உண்டு.

அப்படிக் கூப்பிட்டுக் கொடுக்கிற வழியைச் சிங்கப்பூரும் பிள்ளைகள் விஷயத்தில் கண்டுபிடித்தது. 1997-லிருந்து, விழாவுக்கு முந்தின வாரங்களில், தொடக்கப்பள்ளி ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கென்றே தனிக் காட்சிகள் நடத்துகிறார்கள். வரிசை கிடையாது, குலுக்கல் கிடையாது, அப்பாவுக்கு யாரைத் தெரியும் என்ற கேள்வி கிடையாது. ஐந்தாம் வகுப்புக்கு வந்தால் உன் முறை வந்துவிடும். எங்க அணித்தலைவரிடம் இதைச் சொன்னபோது, ‘அம்மா, இது ரெண்டு அணிக்குமே வெளியில இருக்கே’ என்றார். இருக்கட்டுமே ஐயா! நியாயம் சில சமயம் தலைப்புக்கு வெளியில்தான் இருக்கிறது. (கைதட்டல்)

இன்னும் ஒரு வழியும் உண்டு. நம்ம கோயில்களில் மூலவர் உள்ளே இருப்பார், உற்சவர் தெருவுக்கு வருவார். நடக்க முடியாத பாட்டி, சமையல் விட்டு வர முடியாத மருமகள், ஒரு காலத்தில் உள்ளே விடாமல் வாசலிலேயே நிறுத்தப்பட்டவர்கள், எல்லாருக்கும் தெருமுனையில் தரிசனம். சிங்கப்பூர்க்காரர்கள் 1975-லேயே அணிவகுப்பை ஒரே இடத்தில் வைக்காமல் தீவின் பல பகுதிகளுக்குப் பிரித்துக் கொண்டுபோனார்கள். 2020-ல் கொரோனா வந்தபோது பாடாங்கில் சின்னதாக ஒரு அணிவகுப்பை வைத்துக்கொண்டு, ராணுவ வண்டிகளைக் குடியிருப்புப் பகுதிகள் வழியாக ஓட்டிக் காட்டினார்கள். பாராசூட் வீரர்கள்கூட மைதானத்தை விட்டு அடுக்குமாடி வீடுகள் இருக்கிற பக்கம் வந்து இறங்கினார்கள். அந்த வருஷம் ஜன்னல் இருந்தவனெல்லாம் டிக்கெட் வைத்திருந்தவன்தான்.

நடுவர் ஐயா மணியில கை வச்சுட்டார். ஒரே நிமிஷம் ஐயா, என் தம்பி கதையை முடிச்சுடறேன்.

அவன் பன்னிரண்டு வருஷம் அங்கே இருந்தான். ஒரு அணிவகுப்பைக்கூட உள்ளே உட்கார்ந்து பார்த்ததில்லை. ஆகஸ்ட் 9 லீவு. கட்டி முடியாத கட்டடத்துல எட்டாவது மாடிக்கு ஏறி நிப்பாங்களாம் இவனும் கூட வேலை பார்த்தவங்களும். திருவாரூர்க்காரன், பங்களாதேஷ்க்காரன், ஒரு சீனாக்காரன். ஹெலிகாப்டர்ல பெரிய கொடியைத் தொங்கவிட்டுக்கொண்டு போறது தெரியுமாம். ராத்திரி வாணவேடிக்கை முழுசாத் தெரியுமாம். ‘நமக்கு பால்கனி டிக்கெட்க்கா’ன்னு சொல்லுவான்.

அந்த மேஸ்திரி நல்ல மனுஷர்னு சொன்னேன் இல்லையா? விழா முடிஞ்ச மறுநாள், அங்கே பார்வையாளர்களுக்குக் கொடுத்த பையைக் கொண்டுவந்து இவன் கையில கொடுத்திருக்கார். உள்ளே ஒரு சின்னக் கொடி, ஒரு டார்ச், பிரிக்காத ஒரு பிஸ்கட் பாக்கெட். ஊருக்கு வரும்போது அதை அப்படியே கொண்டுவந்தான். டார்ச் ரெண்டு வருஷம் எரிஞ்சது. கொடியை அவன் பொண்ணு பள்ளிக்கூடப் புராஜெக்ட் நோட்டுல ஒட்டிட்டா. பை மட்டும் இன்னும் இருக்கு, நல்ல கெட்டித்துணி. எங்க அம்மா மாசா மாசம் அதை எடுத்துக்கிட்டுத்தான் ரேஷன் கடைக்குப் போறாங்க. அங்கே வரிசைதான், தம்பி! (சிரிப்பு, கைதட்டல்)